சோறு மூன்று மணி நேரம் வயிற்றில் கிடந்தும் ஏன் கரையவில்லை?

மல்லிப்பந்தல் | ஞாயிறு, இரவு 9:12

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இன்று வாந்தி. மதியம் ஒரு மணிக்குச் சாம்பார் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டாள். நாலு மணிக்கு அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. மருத்துவரிடம் காட்டியாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்றார். இப்போது தேவலை, தூங்குகிறாள்.

என் கேள்வி வேறு. வாளியைக் கழுவப் போனபோது நான் பார்த்தேன், அவளும் எட்டிப் பார்த்தாள். பருக்கைகள் முழுசு முழுசாகக் கிடந்தன. உருளைக்கிழங்குத் துண்டின் ஓரம்கூட மழுங்கவில்லை. "வயித்துல ஆசிட் இருக்குன்னு புத்தகத்துல போட்டிருக்கே, மூணு மணி நேரம் உள்ளே இருந்தும் சோறு ஏம்மா சோறாவே இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "சாப்பிடும்போது சொம்பு சொம்பா தண்ணி குடிச்சா எப்படிச் செரிக்கும்" என்கிறார் மாமனார். அதுதான் காரணமா? யாராவது விளக்கமாக எழுதினால் காலையில் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

தெற்குவாசல் | ஞாயிறு, இரவு 9:40

பெரியவர் சொன்னது சரி. எங்கள் வீட்டிலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லை என்றால் முக்கால் மணி பின்னால்தான் தண்ணீர். அமிலத்தில் தண்ணீர் கலந்தால் வீரியம் குறையத்தானே செய்யும்?

சுண்ணக்கட்டி | ஞாயிறு, இரவு 10:31

முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் நான். பிள்ளை கேட்ட கேள்வி, வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி. தண்ணீர் விஷயம் பிறகு. முதலில் சோறு.

சோற்றைச் செரிப்பது இரைப்பையின் வேலையே இல்லை. அமிலம் பட்டால் சோறு கரைய வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அங்கேதான் பிசகு.

சோறு என்பது பெரும்பாலும் மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. மாலையாக இருக்கும்வரை அது குடல் சுவரைத் தாண்டாது, உதிரி மணியாக வேண்டும். அதை வெட்டுகிற நொதிக்கு அமைலேஸ் என்று பெயர். அது உடம்பில் இரண்டே இடத்தில்தான் போதுமான அளவு சுரக்கிறது. ஒன்று வாய், இன்னொன்று கணையம். நடுவில் இருக்கும் இரைப்பையில் அது சுரப்பதில்லை. இரைப்பையின் நொதி பெப்சின். அது புரதத்தை மட்டும் வெட்டும், மாவுச்சத்தைத் தொடாது.

அதோடு முடியவில்லை. வாயில் கலந்த அமைலேஸும் இரைப்பையில் அமிலம் பட்டதும் செயலிழந்துவிடும். விழுங்கிய கவளத்தின் நடுப்பகுதிக்கு அமிலம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை உள்ளே வெட்டு நடக்கும். அமிலம் ஊறியதும் நின்றுவிடும். ஆக, மென்றது போதாமல் விழுங்கிய பருக்கை இரைப்பையில் முழுசாகக் கிடப்பதில் அதிசயமே இல்லை.

வாயில் என்ன நடக்கிறது என்பதை அம்மாக்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அதுதான் இது என்று தெரியாமல். குழந்தைக்குக் கெட்டியாகக் கூழ் கிண்டி ஊட்டுவீர்கள். பாதியில் குழந்தை தூங்கிவிடும். அரை மணி கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் கூழ் நீர்த்துத் தண்ணியாகக் கிடக்கும். ஊட்டிய ஸ்பூன் வழியாகக் குழந்தையின் எச்சில் கிண்ணத்துக்குள் போயிருக்கிறது. அதிலிருந்த அமைலேஸ் மாவு மாலைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டது. கூழின் கெட்டித்தன்மை அந்த நீள மாலைகளால் வந்தது, மாலை அறுந்தால் கெட்டி ஏது? ஸ்பூனில் ஒட்டிய எச்சிலுக்கே இந்த வேலை. நமக்கு ஒரு நாளைக்குச் சுரப்பதோ ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்.

மல்லிப்பந்தல் | ஞாயிறு, இரவு 10:44

சார், கூழ் நீர்த்துப்போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்! சூடு ஆறினால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். சரி, அப்படியானால் மூன்று மணி நேரம் இரைப்பை என்னதான் செய்துகொண்டிருந்தது?

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11:58

நான் எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் பிரிவில் செவிலியர். இரைப்பையைத் திரையில் தினமும் பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன் அக்கா.

இரைப்பையின் உட்புறம் இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, ஈரப் பளபளப்போடு இருக்கும். கீழ்க்கோடியில் சிறு வட்டமாக ஒரு வாசல், பைலோரஸ். இரைப்பையின் சுவர் அலை அலையாகச் சுருங்கி அந்த வாசலை நோக்கி வரும். அலை வந்து சேரும் நேரத்தில் வாசல் இறுகி மூடிக்கொள்ளும். உணவு அதில் மோதி, நசுங்கி, பின்னால் தெறிக்கும். நிமிடத்துக்கு மூன்று அலை. ஓரிரு மில்லிமீட்டருக்குக் கீழே பொடியானதுதான் பாகோடு பாகாகக் கசிந்து சிறுகுடலுக்குப் போகும். பெரிய துண்டெல்லாம் திரும்ப உள்ளே.

அதாவது இரைப்பை ஆட்டுக்கல். மாவு ஆட்டும்போது நைஸானது மேலே வரும், நொய் கீழேயே சுற்றும், இல்லையா? அப்படித்தான். நொய்யாக இருக்கும்வரை கதவு திறக்காது. அதனால்தான் மெல்லாமல் விழுங்கியவர்களுக்கு வயிறு கனமாகவே இருக்கிறது. பல் செய்ய வேண்டியதை இரைப்பை செய்துகொண்டிருக்கும்.

உடம்பு சரியில்லாத நேரத்தில் இந்த அலை மந்தமாகிவிடும். பிள்ளைக்கு நாலு மணிக்குத்தான் வாந்தி வந்தது, ஆனால் சாப்பிட்டபோதே வயிறு சுணங்க ஆரம்பித்திருக்கலாம். பல வருடம் சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு இரைப்பை நரம்பு பழுதாகி, ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு வந்தாலும் முந்தின நாள் சோறும் கீரையும் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தெற்குவாசல் | திங்கள், காலை 6:20

அமிலம் எதற்கு என்றே இன்னும் யாரும் சொல்லவில்லையே. ஆட்டுக்கல்லுக்கு அமிலம் வேண்டாமே.

சுண்ணக்கட்டி | திங்கள், காலை 7:05

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அமிலம் மூன்று வேலை செய்கிறது. உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்கிறது. சுருண்டு முடிச்சுப் போட்டிருக்கும் புரதத்தை விரித்து விடுகிறது. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதே, அமிலம் புரதத்தை மாற்றும் என்பதற்கு அது ஓர் அடையாளம். மூன்றாவது, பெப்சினை எழுப்பி விடுகிறது. பெப்சின் சுரக்கும்போது பெப்சினோஜன் என்ற தூங்குகிற வடிவத்தில் வருகிறது, அமிலம் பட்டால்தான் விழிக்கும்.

இதை மனிதர்கள் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1822 ஜூன், அமெரிக்காவில் மெக்கினா தீவு. கம்பளித்தோல் வியாபாரக் கடையில் துப்பாக்கி தவறி வெடித்து அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்ற படகுத் தொழிலாளியின் இடது விலாவுக்குக் கீழே பெரிய காயம். பிழைக்க மாட்டான் என்றார்கள், பிழைத்துக்கொண்டான். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடாமல் வெளித்தோலோடு ஒட்டி ஒரு ஜன்னலாக நின்றுவிட்டது. வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்த ஜன்னல் வழியே பட்டு நூலில் கட்டிய இறைச்சித் துண்டையும் ரொட்டியையும் முட்டைக்கோசையும் உள்ளே இறக்கி, மணிக்கணக்குப் பார்த்து வெளியே இழுத்துச் சோதித்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்து, அதில் வேகவைத்த மாட்டிறைச்சியைப் போட்டார். உடம்புக்கு வெளியிலேயே இறைச்சி கரைந்தது. இரைப்பை வெறும் அரவை இயந்திரம் அல்ல, ரசாயனமும் நடக்கிறது என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம். கோபம் வந்தால் சென்ட் மார்ட்டினுக்குச் செரிமானம் தடுமாறியதையும் போமான்ட் குறித்து வைத்தார். 1833-ல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். பெப்சினை 1836-ல் தியோடர் ஷ்வான் பிரித்துக் காட்டினார்.

அந்தத் தொழிலாளி பாவம், பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் தன் வயிற்றை வருடக்கணக்கில் சோதனைக்குக் கொடுத்தார். 1880 வரை வாழ்ந்தார். பாடப்புத்தகத்தில் மருத்துவர் பெயருக்கு முன்னால் அவர் பெயர் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பனை | திங்கள், காலை 8:50

நாங்கள் இலங்கையில் படிக்கும்போது செரிமானத்தைச் சமிபாடு என்றும் கணையத்தைச் சதையி என்றும் படித்தோம். நொதியை நொதியம் என்போம். பெயர் எதுவானாலும் சரி, இந்த இழையில் இன்னும் சதையிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று எனக்குக் குறை.

இரைப்பை முழுவதையும் அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் சாப்பிடவேணும், விற்றமின் பி12 ஊசி போடவேணும், ஆனாலும் வாழலாம். சிறுகுடல் இல்லாமல் சாப்பாட்டால் மட்டும் வாழ முடியாது. அங்கேதான் உண்மையான சமிபாடு.

இரைப்பையிலிருந்து பாகு புளிப்பாக முன்சிறுகுடலுக்குள் இறங்கும். அந்தப் புளிப்பு பட்டதும் குடல் சுவர் ஒரு செய்தியை இரத்தத்தில் விடும். சதையி உடனே காரத்தன்மையுள்ள நீரைப் பாய்ச்சி அமிலத்தை ஆற்றிவிடும். 1902 இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். நரம்புகளை அறுத்துவிட்ட பிறகும் சதையி சுரந்தது. அப்படியானால் செய்தி இரத்தத்தின் வழியாகத்தான் போகிறது என்று புரிந்துகொண்டார்கள். அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹோர்மோன் என்ற சொல்லே அதற்குப் பிறகுதான், 1905 இல் புழக்கத்துக்கு வந்தது.

அமிலம் ஆறியதும் மாவுச்சத்தை வெட்டும் அமைலேசு, புரதத்தை வெட்டும் திரிப்சின், கொழுப்பை வெட்டும் இலிப்பேசு மூன்றும் ஒரே இடத்தில் வேலை செய்யும். வாயில் அரைகுறையாக விட்ட சோறு இங்கேதான் மாட்டும். சின்னச் சின்னத் துண்டாக வெட்டுப்படும், கடைசி வெட்டு குடல் சுவரிலேயே இருக்கும் நொதியங்களால். வெளிவந்த குளுக்கோசு அங்கேயே உறிஞ்சப்படும்.

இரவுப்பணி | திங்கள், பிற்பகல் 2:15

குழாய் முன்சிறுகுடலுக்குள் நுழையும்போது திரையில் தெரிவதை ஒருமுறையாவது எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றும். இரைப்பையின் வழவழப்பு போய், வெல்வெட் துணி விரித்த மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சினால் அந்த வெல்வெட்டின் இழைகள் தனித்தனியாக எழுந்து ஆடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். அதுதான் குடலுறிஞ்சி.

யாழ்ப்பனை | திங்கள், பிற்பகல் 3:02

நாங்கள் சடைமுளை என்போம். உங்கள் வர்ணனைக்கு அந்தச் சொல் இன்னும் பொருந்தும். பழைய புத்தகங்களில் குடலின் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் என்று இருக்கும். 2014 இல் சுவீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்து, உணவுப்பாதை முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 32 சதுர மீட்டர் என்றார்கள். ஏறக்குறையப் பாதி பூப்பந்து மைதானம். குறைந்துவிட்டது என்று வருத்தப்படத் தேவையில்லை, ஒரு வயிற்றுக்குள் அது மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

காவிரிக்கரை | திங்கள், மாலை 6:30

எனக்கு நாலு வருடம் முன்பு கல் இருந்ததால் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இனி நெய், எண்ணெய் எதுவுமே செரிக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். நடந்தது அப்படி இல்லை. முதல் இரண்டு மாதம் பிரியாணி சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும், அப்புறம் பழகிவிட்டது. பித்தம் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறது உடம்பு?

சுண்ணக்கட்டி | திங்கள், இரவு 8:10

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைத்துச் சுண்டவைக்கும் குடம், அவ்வளவுதான். முப்பதிலிருந்து ஐம்பது மில்லி பிடிக்கும். கொழுப்பு குடலுக்குள் வந்தால் பிழிந்து ஊற்றும். குடம் போனாலும் ஊற்று நிற்கவில்லை. மொத்தமாகக் கொட்டுவதற்குப் பதில் சொட்டுச் சொட்டாக வருகிறது. அதனால்தான் ஒரே நேரத்தில் நிறைய எண்ணெய் போனால் ஆரம்பத்தில் திணறியது.

பித்தநீரில் கொழுப்பை வெட்டும் நொதி கிடையாது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்வதைத்தான் அது செய்கிறது. பெரிய எண்ணெய்த் துளியை நுண்துளிகளாக உடைத்துவிடும். அப்போதுதான் கொழுப்பை வெட்டும் லைப்பேஸ் (மேலே இலிப்பேசு என்று சொன்னதுதான்) உள்ளே கைவைக்க முடியும். வேலை முடிந்ததும் பித்த உப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் சிறுகுடலின் கடைக்கோடியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். உடம்பு எதையும் சும்மா விடுவதில்லை.

இன்னொன்று. சர்க்கரையும், புரதம் அறுந்து வரும் அமினோ அமிலமும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. நெய்யும் நல்லெண்ணெயும் அந்த வழியில் போவதில்லை. நிணநீர்க் குழாயில் ஏறி, மார்பு வழியாக மேலே போய், இடது தோள்பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சிரையில் ரத்தத்தோடு கலக்கின்றன. கழுத்தடி வரை சுற்றிக்கொண்டு போகிறது நாம் சாப்பிட்ட நெய்!

தெற்குவாசல் | திங்கள், இரவு 9:00

எல்லாம் சரி ஐயா, தண்ணீருக்கு இன்னும் பதில் வரவில்லை.

சுண்ணக்கட்டி | திங்கள், இரவு 9:35

வருகிறேன். இவ்வளவு நேரமும் வெட்டு வெட்டு என்றேனே, அந்த வெட்டு எப்படி நடக்கிறது? மாலையின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நீர் மூலக்கூறைச் செருகித்தான் நொதி அதைப் பிரிக்கிறது. சோறு, பருப்பு, எண்ணெய் எதுவானாலும் இதே கதை. நீராற்பகுப்பு என்று பெயரே அப்படி. தண்ணீர் இல்லாமல் ஒரு கண்ணிகூட அறாது.

அளவையும் பாருங்கள். நாம் குடிப்பது சுமார் இரண்டு லிட்டர். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே ஊற்றுவது சுமார் ஏழு லிட்டர். தினமும் ஒன்பது லிட்டர் ஓடுகிற வாய்க்காலில் ஒரு டம்ளர் எந்த நெருப்பையும் அணைக்காது. இரைப்பை அமிலத்தைத் தேவைக்கேற்ப மேலும் சுரந்துகொள்ளும், வெறும் தண்ணீரும் சோற்றுக்கு முன்பே கீழே இறங்கிவிடும்.

மென்று முடிக்காததைத் தண்ணீர் ஊற்றித் தள்ளி விழுங்குவது மட்டும் கெடுதல். பெரியவர்கள் தடுத்தது அந்தப் பழக்கத்தை என்றால், அதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தெற்குவாசல் | திங்கள், இரவு 9:52

வாய்க்கால் கணக்கு ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. இத்தனை வருடம் விக்கல் எடுத்தால்கூடத் தண்ணீர் தராமல் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தேன். நாளையிலிருந்து இலைக்குப் பக்கத்தில் டம்ளர் வைத்துவிடுகிறேன்.

மல்லிப்பந்தல் | செவ்வாய், காலை 7:18

மகளுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அடுத்த கேள்வி தயார்: இறைச்சியைக் கரைக்கிற தண்ணீர் இரைப்பையை ஏன் கரைக்கவில்லை? அப்புறம், கடைசியாக எடுத்த வாந்தி மஞ்சளாகக் கசப்பாக இருந்ததே, அது என்ன? நேற்று ராத்திரி இரண்டு தடவை வயிற்றுப்போக்கும் ஆனது.

இரவுப்பணி | செவ்வாய், காலை 7:40

மஞ்சள் பித்தநீர் அக்கா. இரைப்பையில் ஒன்றும் மிச்சமில்லாதபோது குமட்டினால் முன்சிறுகுடலில் இருப்பது மேலே ஏறிவிடும்.

இரைப்பை தன்னைக் கோழைப் படலத்தால் பூசி வைத்திருக்கிறது. படலத்துக்கு அடியில் சோடா உப்பு மாதிரிக் காரத்தன்மையுள்ள நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதையும் மீறித் தேயும் மேற்பரப்புச் செல்களைச் சில நாளுக்கு ஒருமுறை புதுசாக மாற்றிவிடும். இந்தக் காவல் உடைந்தால் புண். சாப்பிடாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் உடையும். ஹெலிகோபாக்டர் என்ற கிருமியாலும் உடையும். அதை நிரூபிக்க ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைக் கரைசலாகக் குடித்துத் தன் இரைப்பையிலேயே அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் கலந்த பாக்கெட்) கொடுக்கிறீர்களா? இந்த இழைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. குடல் சுவரில் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் கதவு ஒன்று உண்டு. உப்பில் இருக்கும் சோடியமும் கூட வந்தால்தான் அது திறக்கும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். பேதியால் உடம்பு காய்ந்துகொண்டிருக்கும்போதும் பெரும்பாலும் இந்தக் கதவு பழுதாவதில்லை. அதனால்தான் வெறும் தண்ணீர் செய்யாததை உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர் செய்கிறது. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கிய பொங்கான் முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழித் திரவம் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைத்தான் டிரம்களில் கலந்து குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழுசாகக் கலக்குங்கள். பாதி பாக்கெட், கண்ணளவு எல்லாம் வேண்டாம். வாய்க்கு ஒரு மடக்காகக் கொடுங்கள். சோர்ந்து படுத்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

காவிரிக்கரை | செவ்வாய், காலை 11:26

இடையில் ஒரு கேள்வி. பருப்பும் மொச்சையும் மட்டும் ஏன் வாயு உண்டாக்குகின்றன?

யாழ்ப்பனை | செவ்வாய், மாலை 4:44

அவற்றில் ரஃபினோசு, ஸ்ரக்கியோசு என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை வெட்ட எங்கள் குடலில் நொதியம் இல்லை. முழுசாகப் பெருங்குடலுக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் காத்திருக்கும். அவை புளிக்கவைக்கும், வாயு வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அவித்தால் கொஞ்சம் குறையும். அதே பற்றீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துத் தருகிற கொழுப்பமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்குச் சாப்பாடு. ஆனபடியால் மொச்சையை அடியோடு விலக்கவேண்டாம்.

சுண்ணக்கட்டி | செவ்வாய், மாலை 5:30

பிள்ளை தேறியதும் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. சோளமாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மூன்று கிண்ணத்தில் ஒரே அளவு ஊற்றுங்கள். முதல் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர். இரண்டாவதில் ஒரு ஸ்பூன் எச்சில். மூன்றாவதில் முதலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து கலக்கிவிட்டு, அதன்பிறகு ஒரு ஸ்பூன் எச்சில். கால் மணி நேரம் விடுங்கள். என்ன ஆகும் என்று நான் சொல்லப்போவதில்லை.

மல்லிப்பந்தல் | சனி, மாலை 5:05

மகள் நன்றாகிவிட்டாள், புதன்கிழமையே பள்ளிக்கூடம் போய்விட்டாள். இன்று மூன்று கிண்ணமும் வைத்தோம். மாமனாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் விட்ட கஞ்சி அப்படியே இருந்தது. ஸ்பூனைச் செருகினால் நிற்கும் அளவு கெட்டி. எச்சில் விட்டது பத்து நிமிடத்திலேயே ரசம் மாதிரி ஓடியது. எலுமிச்சை பிழிந்ததில் எச்சில் விட்டும் முதல் கிண்ணம் அளவுக்கே கெட்டி. முதலுதவிப் பெட்டியில் பெட்டாடைன் இருந்தது, அதிலிருக்கும் அயோடின் மாவுச்சத்து பட்டால் கருநீலமாகும் என்பதால் மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தோம். கெட்டியாக இருந்த இரண்டும் கருநீலமாகிவிட்டன. இரண்டாவது கிண்ணம் மட்டும் லேசாகச் சிவந்து அப்படியே நின்றது.

மகள் மூன்றாவது கிண்ணத்தை ரொம்ப நேரம் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுதாம்மா அன்னைக்கு வாளியில கிடந்தது" என்றாள்.